வாடும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன் வேரைப் பாருங்கள்

வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாறு ஆண்டுகளாக அதே தொட்டி, அதே இடம். ரசத்துக்கும் சாம்பாருக்கும் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மீன்குழம்புக்கும் கேட்டபோதெல்லாம் இலை கொடுத்த செடி. இப்போது சில மாதங்களாகத் துளிர் விடுவதில்லை. அடியிலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வெயில் ஏறினால் தலை தொங்குகிறது, மாலையில் கொஞ்சம் நிமிர்கிறது, மறுநாள் மறுபடியும் அதே கதை.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் தண்ணீரைக் கூட்டுவார்கள். பிறகு உரம் போடுவார்கள். அதற்கும் செடி அசையவில்லை என்றால், "யாரோ கண் போட்டுவிட்டார்கள்" என்று பேச்சு முடிந்துவிடும்.

இலையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பூச்சிகூடத் தென்படாது. காரணம், பூச்சி இருப்பது மண்ணுக்கு அடியில், வேரில். தமிழில் இதை வேர் மாவுப்பூச்சி என்கிறார்கள். செம்பருத்திக் கிளையிலும் பப்பாளிக் காயிலும் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பியிருக்குமே, அந்த மாவுப்பூச்சியின் நெருங்கிய உறவு இது. ஆனால் பிறப்பு முதல் இறப்பு வரை மண்ணுக்குள்ளேயே வாழப் பழகியது. இதில் பல இனங்கள் உண்டு. உலகின் வெப்பப் பகுதிகளில் தொட்டிச் செடிகளில் அதிகம் பேசப்படும் ஓர் இனத்தின் அறிவியல் பெயர் 'ரைப்பர்சியெல்லா ஹிபிஸ்கி'. அந்தப் பெயரிலேயே செம்பருத்தி ஒளிந்திருக்கிறது. ஆனால் அது செம்பருத்தியோடு நிற்பதில்லை. பனை வகைகள், போன்சாய் மரங்கள் என்று பலவற்றின் வேரிலும் அது குடியேறும். ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய போன்சாய்களின் வேரில் அங்குள்ள தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் இதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். கள்ளிச் செடிகளையும் ஆப்பிரிக்க வயலட் செடிகளையும் தேடி வரும் வேறு இனங்களும் உண்டு.

பூச்சி மிகச் சிறியது. வளர்ந்த பெண் பூச்சியே 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், ஓர் எள்ளைவிடச் சிறியது. இறக்கை கிடையாது, கால்கள் குட்டை. இருட்டில் வாழ்வதால் கண்களும் மிகச் சிறியவை, சில இனங்களுக்குக் கண்களே இல்லை. உடல் முழுவதும் வெள்ளை மெழுகுத் தூள். ஊசிபோன்ற வாயை வேரில் செருகிச் சாற்றை உறிஞ்சும். ஒன்றிரண்டு பூச்சிகளால் செடிக்கு ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கில் பெருகும்போதுதான் வேர் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கும், அதை மேலே அனுப்ப வேர் இருக்காது. ஈரமண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றினால், மிச்சமிருக்கும் வேரும் அழுகிப்போகும்.

குளிர்நாடுகளில் வீட்டுக்கு வெளியே இருக்கும் பூச்சிகளின் பெருக்கத்தைக் குளிர்காலம் மட்டுப்படுத்தும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த இடைவெளி கிடையாது. ஆண்டு முழுவதும் வெப்பம்தான், பூச்சிக்கு விடுமுறையே இல்லை.

கண்டுபிடிப்பது எப்படி?

செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுக்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பலர் தயங்கும் இடம் இதுதான். "எடுத்தால் செத்துவிடுமே" என்ற பயம். மெதுவாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தால் செடி சாகாது. பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து.

முதல் நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். சற்றுக் காய்ந்த மண் உதிராமல் முழுக்கட்டியாக வெளியே வரும். தரையில் நேற்றைய நாளிதழை விரியுங்கள் (தமிழ் நாளிதழ் இதற்கும் உதவும்). தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, தண்டின் அடியைப் பிடித்துச் செடியை வெளியே இழுங்கள்.

முதலில் தொட்டியின் உட்சுவரைப் பாருங்கள். வேரும் தொட்டியும் உரசும் இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததுபோல் வெள்ளைத் திட்டுகள், சில நேரம் லேசான நீலச் சாயலுடன் இருந்தால், அது கிட்டத்தட்ட வாக்குமூலம். பிறகு மண்கட்டியின் வெளிப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வேர்களின் ஓரத்தில் அரிசி நொய்யைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளும் அங்கங்கே பஞ்சுத் துணுக்குகளும் இருக்கும். பஞ்சுக்குள் இருப்பவை முட்டைகள்.

ஆனால் தொட்டி மண்ணில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூச்சி இல்லை. கடையில் வாங்கும் மண் கலவையில் பெர்லைட் என்ற வெள்ளைத் துகள் கலந்திருக்கும். அதை விரலால் நசுக்கினால் நறநறவென்று பொடியாகும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். பூச்சியை நசுக்கினால் காகிதத்தில் ஈரக்கறை படியும். மெதுவாகக் கரையும் உரமணிகள் ஒரே அளவில் உருண்டையாக இருக்கும். வெள்ளை நூல்போல் படர்ந்திருந்து, நூலுக்கு நடுவே உடலே இல்லை என்றால் அது பூஞ்சை. மட்கும் பொருள் உள்ள மண்ணில் பூஞ்சை இருப்பது இயல்பு. வெள்ளையாக இருந்து தொட்டதும் துள்ளிக் குதித்தால் அது வேறு பூச்சி, செடிக்குத் தீங்கு செய்யாது. மாவுப்பூச்சி குதிக்காது. மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் பூக்கும் வெள்ளை உப்பைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்பு அங்கே படிகிறது, அவ்வளவுதான்.

இன்னும் சந்தேகமா? கொஞ்சம் வேரை வெட்டி, கறுப்புத் தட்டில் வைத்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பூதக்கண்ணாடியால் ஐந்து நிமிடம் பாருங்கள். பூச்சியாக இருந்தால் ஏதாவது ஒரு புள்ளி சோம்பலாக நகரும்.

வேர் பழுப்பாகிக் கூழாக நசுங்கி, துர்நாற்றம் அடித்தால் அது வேரழுகல். அங்கே குறைக்க வேண்டியது தண்ணீர். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

எறும்புக்கு என்ன வேலை?

தொட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்தால் அதையும் ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். மாவுப்பூச்சி உறிஞ்சும் சாற்றில் இனிப்பு அதிகம். மிஞ்சுவதைத் தேன்போல் வெளியேற்றும். எறும்புக்கு அது இலவச விருந்து. அதனால் பலவகை எறும்புகள் மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் காவல் காக்கின்றன.

இந்த உறவு எவ்வளவு பழையது தெரியுமா? ஆசியா உட்பட வெப்பநாடுகள் பலவற்றில் மண்ணுக்கடியில் வாழும் 'அக்ரோபைகா' என்றொரு எறும்பினம் இருக்கிறது. அதன் இளம் ராணி, கூட்டைவிட்டுப் பறந்து புதுக்குடும்பம் தொடங்கப் போகும்போது வாயில் ஒரு வேர் மாவுப்பூச்சியைக் கவ்விக்கொண்டுதான் புறப்படும். கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு கறவை மாட்டையும் அனுப்பிவைப்பதுபோல! டொமினிக்கன் குடியரசில் கிடைத்த அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், இந்த இனத்து எறும்புகளும் மாவுப்பூச்சிகளும் சேர்ந்தே சிக்கியிருக்கின்றன. அதன் வயது சுமார் 15 முதல் 20 மில்லியன் ஆண்டுகள்.

உங்கள் வாசல் தொட்டிக்கு வரும் எறும்பு அந்த இனமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எறும்பைக் கவனிக்காமல் மாவுப்பூச்சியை மட்டும் ஒழிப்பது பாதி வேலைதான்.

எறும்பைவிட அதிகமாக இதைப் பரப்புவது மனிதர்களே. செத்த செடியின் மண்ணை வீணாக்க மனமில்லாமல் அடுத்த செடிக்குப் போடுகிறோம். பழைய தொட்டியைக் கழுவாமல் எடுக்கிறோம். மூன்று தொட்டிகளை ஒரே நீளத் தட்டில் வரிசையாக வைக்கிறோம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறி அடுத்த தொட்டிக்கு நடந்தே போய்விடும். வழிந்தோடும் தண்ணீரோடும் போகும். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடும்படி தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்வது ஏடிஸ் கொசுவுக்காக. அதே பழக்கம் வேர் மாவுப்பூச்சிக்கும் ஒரு தடை.

சிகிச்சையின் முதல் பாதி தண்ணீர்

பூச்சி உறுதியானால், மருந்து தேடி ஓடுமுன் அந்தத் தொட்டியை மற்றவற்றிடமிருந்து தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்த தொட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்றில் இருந்தால் இன்னொன்றிலும் இருக்கும் என்று எண்ணித் தொடங்குவது நல்லது.

அடுத்தது கழுவுதல். வேரிலிருக்கும் பழைய மண்ணை முடிந்தவரை நாளிதழின்மேல் உதிர்த்துவிட்டு, வேரை ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். சமையலறைத் தொட்டியில் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகு, குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி வேரின் இடுக்குகளைக் கழுவுங்கள். கறுத்துப்போன வேரையும், பஞ்சு அப்பியிருந்து கழுவியும் போகாத வேரையும் வெட்டிவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வெட்டினாலும் தவறில்லை. இலை நிறைய இருந்தால் குறைந்த வேரால் அத்தனைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

உதிர்த்த மண்ணை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டு இறுக முடிச்சிட்டுக் குப்பையில் சேருங்கள். புளோக்கின் கீழே இருக்கும் மரத்தடியில் கொட்டுவது பலருக்கும் பழக்கம். அது பூச்சிக்குப் பெரிய வீடு வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். வாளித் தண்ணீரில் கொதிநீர் சேர்த்து ஆறவிட்டு, தெளிந்ததைக் கழிவறையில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சேறும் பைக்குள்தான் போக வேண்டும். தொட்டியையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். நுண்துளைகள் உள்ள மண் தொட்டியாக இருந்தால், புதிதாக ஒன்று வாங்குவதே மேல்.

பிறகு புதிய மண் கலவை, நிழலான இடம், அளவான தண்ணீர். வேர் பிடிக்கும்வரை உரம் வேண்டாம். கள்ளிச் செடிக்கு மட்டும் முறை வேறு. கழுவிய கையோடு நட்டால் வெட்டிய வேர் அழுகும். நிழலில் சில நாள் காயவிட்டு, காய்ந்த கலவையில் நட வேண்டும்.

வெந்நீரால் பூச்சியைக் கொல்ல முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், ஆனால் விரலை விட்டுப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல. ஹவாயில் ராஃபிஸ் பனைத் தொட்டிகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 49 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் தொட்டியை அமிழ்த்தி, மண்கட்டியின் நடுப்பகுதி 46 டிகிரியை எட்டும்வரை வைத்தபோது பூச்சிகள் முழுமையாக ஒழிந்தன. பனை அதைத் தாங்கியது. மென்மையான செடிகள் தாங்குமென்று சொல்ல முடியாது. வெப்பமானி இல்லாமல் செய்தால், சூடு குறைந்து பூச்சி பிழைக்கும், அல்லது சூடு கூடி வேர் வெந்துவிடும்.

மருந்து விஷயத்தில் ஒரு கோடு

வேர் மாவுப்பூச்சிக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் மருந்துகளில் இமிடாகுளோப்ரிட், டைனோடெஃபுரான் போன்றவை முக்கியமானவை. மண்ணில் ஊற்றினால் வேர் உறிஞ்சி, செடியின் சாறு முழுவதும் பரப்பிவிடும். சாற்றைக் குடிக்கும் பூச்சி செத்துப்போகும். நன்றாக வேலை செய்யும் முறைதான்.

ஆனால் அந்தச் சாறு போகும் இடம் எது? இலை. கறிவேப்பிலையிலும் துளசியிலும் கற்பூரவல்லியிலும் வெற்றிலையிலும் நாம் பறிப்பது அந்த இலையைத்தான். இலையைக் கழுவினால் மருந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. இலையின் மேல் இருப்பதைக் கழுவலாம், இலைக்குள் இருப்பதை எப்படிக் கழுவுவது? தாளிதத்துக்கும் குழந்தையின் சளிக் கஷாயத்துக்கும் பறிக்கும் செடியில் அலங்காரச் செடிக்கான மருந்தை ஊற்றவே கூடாது. புட்டியின் ஒட்டுத்தாளில் எந்தச் செடிக்கு என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் மூடியைத் திறக்க வேண்டாம். பூக்கும் செடிகளிலும் யோசனை தேவை. இமிடாகுளோப்ரிட் தேனீக்களுக்குத் தீங்கு செய்வதால், திறந்தவெளியில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தடை விதித்தது.

உண்ணும் செடிக்கு மென்மையான வழிகள் உண்டு. அவற்றில் வேகம் குறைவு, பொறுமை அதிகம் தேவை. செடிப்பூச்சிக்கென்றே விற்கப்படும் சோப்புக் கரைசலைக் கழுவிய வேரின்மேல் படும்படி ஊற்றலாம். பூச்சியின் மெழுகுப் பூச்சைத் தண்ணீர் நனைக்காது, சோப்பு நனைக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து ஊற்றுகிறவர்கள், அது வேரையும் சுடக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேப்பெண்ணெயிலிருந்து எடுக்கும் மருந்து குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். புதிய மண்ணில் வேப்பம் புண்ணாக்கும் கலக்கலாம். இவை எல்லாம் கழுவிய பிறகு மிஞ்சியவற்றுக்குத்தான். கழுவாமல் மேலாக ஊற்றினால் மண்கட்டியின் நடுவில் இருக்கும் பூச்சிக்குச் செய்தியே போய்ச் சேராது.

முட்டைகள் பஞ்சுக்குள் பத்திரமாக இருப்பதால் ஒருமுறை செய்து முடித்துவிட முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஊற்ற வேண்டும், மறுபடி வேரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம்வரை கண்காணிப்பு தேவை.

மஞ்சள் தண்ணீர், பூண்டுச் சாறு, சாம்பல் என்று வீட்டுக்கு வீடு ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். மெழுகைத் தாண்டி அவை பூச்சியைக் கொல்லும் என்று நம்பி மாதங்களைக் கடத்துவது செடிக்கு நல்லதில்லை. கிளையில் இருக்கும் மாவுப்பூச்சியைச் சாராயப் பஞ்சால் துடைக்கலாம், அது சரியான வழிதான். அதே சாராயத்தை மண்ணில் ஊற்றினால் வேர் கருகும்.

இயற்கை எதிரிகளை விடலாமே என்று கேட்கலாம். தாய்லாந்தில் 2008ஆம் ஆண்டில் மரவள்ளிக் கிழங்குத் தோட்டங்களை மாவுப்பூச்சி தாக்கியபோது, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டு அடக்கினார்கள். ஆனால் அந்தப் பூச்சி இருந்தது இலையிலும் தண்டிலும். மண்ணுக்குள் ஒளிந்திருப்பதைப் பறக்கும் குளவியால் தேடிப் பிடிக்க முடியாது.

எப்போது கைவிடுவது?

இதுதான் கடினமான கேள்வி. அம்மா கையால் நட்டது, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை இருக்கும். ஆனாலும் வேரில் பாதிக்குமேல் போய்விட்ட செடியைக் காப்பாற்றும் முயற்சியில், பக்கத்தில் இருக்கும் பத்துச் செடிகளை இழப்பது சரியா? நடைபாதையில் அண்டை வீட்டாரின் தொட்டிகளும் இருந்தால், அது நம் வீட்டு விஷயம் மட்டுமல்ல.

கைவிடுவது என்றால் முற்றிலும் இழப்பது என்று பொருளல்ல. துளசியிலும் கற்பூரவல்லியிலும் மண்ணில் படாத நுனிக்கிளையை விரல் நீளத்துக்கு வெட்டி, கழுவி, தண்ணீரில் வைத்தால் வேர்விடும். அம்மா நட்ட துளசியின் நுனியிலிருந்து வருவது அதே துளசிதான். ஆப்பிரிக்க வயலட்டுக்கு ஓர் இலையே போதும்.

கறிவேப்பிலை கொஞ்சம் பிடிவாதக்காரச் செடி. அதன் கிளை எளிதில் வேர்விடாது. அடியில் முளைக்கும் பக்கக் கன்றைப் பெயர்த்தால் பூச்சியும் கூடவே வரும். அதற்கு விதைதான் வழி. பழம் கறுத்துப் பழுத்ததும் பறித்து, சதையைக் கழுவி நீக்கி, உடனே புதிய மண்ணில் ஊன்ற வேண்டும். விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்கும் திறன் போய்விடும். உங்கள் செடியில் பழம் இல்லையென்றால் தெரிந்தவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள், செடியாகக் கேட்காமல் பழமாகக் கேளுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை பழைய தொட்டிகளிடமிருந்து தள்ளி, தனித்தட்டில் வையுங்கள். கடையில் வாங்கிய கன்றாக இருந்தால், வாங்கிய அன்றே தொட்டியைக் கழற்றி வேரைப் பாருங்கள். வெள்ளை எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு வாரம் தனியாகவே இருக்கட்டும். பிறகு இன்னொருமுறை வேரைப் பார்த்துவிட்டு மற்றச் செடிகளோடு சேர்த்துக்கொள்ளலாம்.